கொழும்புக்குப் போகும் சகோதரிக்கு: எங்கே தங்குவது? என்ன சாப்பிடுவது?

மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலையின் நீண்ட வாங்கு ஒன்றில் என் சின்னம்மாவுடன் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி தூங்கித் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது.

"காலமை சாப்பிட்டனீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. நேற்றுப் பின்னேரம் பஸ் ஏறேக்கை சாப்பிட்டதுதான். இனி ஊருக்குப் போய்த்தான்."

ஆனால் அன்று அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. ஸ்கானுக்கு மறுநாளும் வரச் சொல்லிவிட்டார்கள். "ராவைக்கு உந்த விறாந்தையிலை இருப்பன்" என்றார். கையில் காசில்லையோ என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "காசு கொஞ்சம் கிடக்குது. லொட்ஜுக்குப் போகத்தான் பயம். முந்தி என்ரை தம்பியையும் ஒரு லொட்ஜிலையிருந்துதான் இழுத்து பஸ்ஸிலை ஏத்தினவங்கள்."

சகோதரிகளே, எம்மில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்? நோய்க்கும் வழக்குக்கும் கடிதங்களுக்குமாகத் தலைநகருக்குப் போகிறோம். போன காரியத்துக்கு மட்டும் காசை ஒதுக்கிவிட்டு, உணவையும் உறக்கத்தையும் வெட்டிவிடுகிறோம். பிறகு ஊர் திரும்பி ஒரு வாரம் படுத்துக் கிடக்கிறோம். அன்றிரவு அந்த அக்காவை எங்கள் அறைக்கே கூட்டிச் சென்றோம். அங்கே அவருக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

போகத்தான் வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு கொழும்பில் மட்டுமே முடிந்த சில வேலைகள் இப்போது அருகிலேயே முடிகின்றன. கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஒன்று திறக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு ஆகிய இடங்களில் பிராந்தியக் கிளைகள் அமைக்கப்பட்டன. தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறுகிறது. "இதை இங்கேயே செய்ய முடியாதா?" என்று வைத்தியரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்பது தவறல்ல. பதில் "முடியும்" என்றால் இரண்டு நாட் செலவு மிச்சம்.

எந்தப் பக்கம் தங்கலாம்?

போகும் வேலை எங்கேயோ, அறையும் அதற்குக் கிட்ட இருக்க வேண்டும். மலிவான அறை என்று தூரத்தில் எடுத்துவிட்டு, விடிய ஓட்டோவுக்குக் காசு கொடுத்தால் மலிவு எங்கே? அறை வாடகையையும் போக்குவரத்துக் காசையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள்.

தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நடுவில் இருக்க விரும்புவோருக்கு வெள்ளவத்தை வசதி. காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் விடுதிகளும், நாள் வாடகைக்கு விடும் வீட்டறைகளும் உள்ளன. வடக்கிலிருந்து வரும் இரவு பஸ்கள் பலவும் அங்கே ஆட்களை இறக்குகின்றன. காலி வீதியில் ஓடும் 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகும். மகரகமவுக்குப் போவோர் தெகிவளையில் 119 பிடிக்கலாம். புறக்கோட்டையில் இறங்குவோருக்கு 138 இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. புறக்கோட்டை லொட்ஜுகளில் பெரும்பாலும் வியாபாரத்துக்கு வரும் ஆண்களே தங்குவார்கள். தனியே போகும் பெண் அங்கே அறை எடுக்க முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

வை.டபிள்யூ.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கம் நெடுங்காலமாகப் பெண்களுக்கான விடுதிகளை நடத்தி வருகிறது. இடம் உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோர் வாரக்கணக்கில் நிற்க வேண்டி வரும். அவர்கள் வெளியே அறை தேட முன்னர், வார்டுத் தாதியிடமோ வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். தூர இடத்து நோயாளர்களைத் தங்க வைக்கும் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி அவர்கள் அறிந்திருப்பார்கள்.

காசு கொடுக்க முன் கேட்க வேண்டியவை

விலையை நான் இங்கே எழுதவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஏறிய விலைகளை நீங்களே அறிவீர்கள். இன்று எழுதும் தொகை அடுத்த மாதம் பொய்த்துவிடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை.

முதற் கேள்வி: "நாள் எப்போது முடிகிறது?" இதைக் கேளாமல் நானே ஒருமுறை ஏமாந்தேன். விடிய 5 மணிக்கு பஸ்ஸால் இறங்கி, ஒரு விடுதியில் ஒரு நாட் காசு கட்டினேன். அலுவலை முடித்துப் பகல் ஒரு மணிக்குத் திரும்பினால், "உங்கடை நாள் 12 மணியோடை முடிஞ்சுது. இன்னொரு நாளுக்குக் கட்டுங்கோ" என்றார் முகாமையாளர். சில இடங்களில் 24 மணித்தியாலக் கணக்கு, சில இடங்களில் மறுநாள் நண்பகற் கணக்கு. இன்னும் சில இடங்களில் பகல் இரண்டு மணிக்கு முன் வந்தால் முதல் நாளையும் சேர்த்துவிடுவார்கள். முதலிலேயே கேட்டால் ஒரு நாட் காசு தப்பும்.

இரண்டாவது: "வாடகை அறைக்கா, ஆளுக்கா?" அறைக்கு என்றால் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து எடுப்பதே இலாபம். அன்று நாங்கள் எடுத்தது இருவர் அறை. ஒரு பாய்க்குச் சிறு தொகை கூடக் கொடுத்து மூவராகப் படுத்தோம். தனித்தனியே எடுத்திருந்தால் ஆளுக்கு இரு மடங்கு போயிருக்கும்.

மூன்றாவது: மின்விசிறி அறை எவ்வளவு, ஏ.சி. அறை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கேளாவிட்டால் கூடிய விலை அறையைத்தான் முதலில் காட்டுவார்கள்.

அறையைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டுப் பாருங்கள். ஜன்னல் பூட்டுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, குளியலறை அறைக்குள்ளா வெளியிலா என்று பாருங்கள். மனதுக்கு ஒவ்வாவிட்டால், "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டு வெளியேறுங்கள். பார்த்ததற்காக எடுக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பத்திரிகையிலோ முகநூலிலோ விளம்பரம் பார்த்து, கண்ணால் காணாத அறைக்கு வங்கியில் முற்பணம் போடாதீர்கள்.

விடுதியின் பெயரையும் அறை இலக்கத்தையும் வீட்டுக்கு அறிவித்துவிடுங்கள். எவராவது தொல்லை கொடுத்தால் மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. பொலிஸ் அவசர இலக்கம் 119.

அடையாள அட்டையும் பழைய பயமும்

அந்த அக்காவின் பயம் வெறும் பயமல்ல. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேர் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். சிகிச்சைக்கும் வெளிநாட்டுப் பயண அலுவல்களுக்கும் வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை இடைநிறுத்தி உத்தரவிட்டது. இலங்கைக்குள் விரும்பிய இடத்துக்குப் போகவும் இருக்கவும் அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகிறது. நாம் கொழும்பில் அறை கேட்பது ஒருவரின் தயவில் அல்ல, இந்த உரிமையில்தான்.

விடுதியில் அடையாள அட்டை கேட்பார்கள். எவர் வந்தாலும் கேட்பதுதான், அதற்குப் பதற வேண்டாம். இலக்கத்தைப் பதிய விடுங்கள், பிரதி கொடுங்கள். மூல அட்டையை மட்டும் கையிலேயே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மறுநாள் எந்த அலுவலகத்திலும் உங்கள் வேலை நடவாது.

"தனிய வந்த பெண்ணுக்கு அறை இல்லை" என்று சொல்லும் இடங்களும் உண்டு. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நின்று கெஞ்ச வேண்டாம். கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், அதற்கும் இல்லையென்றால் அடுத்த கதவைத் தட்டுங்கள். "லொட்ஜிலை நிண்டவளாம்" என்று ஊரில் கதைப்பவர்களுக்கும் ஒரு சொல்: விறாந்தையில் இரவு முழுக்க விழித்திருப்பதில் எந்த மானமும் காப்பாற்றப்படுவதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உறங்குவதில் எந்த மானமும் போவதுமில்லை.

வயிற்றை வாட்டாதீர்கள்

கொழும்பில் 'ஹோட்டல்' என்று பலகை போட்ட சிறு கடைகள் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைகளே, அங்கே அறை இராது. அதேபோல் பழைய சைவக் கடைகள் சிலவற்றின் பெயரில் 'லொட்ஜ்' என்று இருக்கும், உள்ளே தோசைதான் கிடைக்கும்!

காலையில் வீதியோரத்தில் சூடாக விற்கும் 'கொல கெந்த' எங்கள் இலைக்கஞ்சிதான். வல்லாரை, சாத்தாவாரி போன்ற இலைச் சாற்றில் காய்ச்சி, ஒரு துண்டு கருப்பட்டியோடு தருவார்கள். குறைந்த காசில் வயிற்றுக்கு இதம். வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் இடியப்பம், தோசை கிடைக்கும். சாம்பாரும் சம்பலும் பெரும்பாலும் மீண்டும் கேட்டால் தருவார்கள்.

மதியத்துக்குச் சோற்றுப் பார்சல் போல் கட்டுப்படியானது வேறில்லை. ஒரு பார்சலில் சோறு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி இருக்கும். கொஞ்சமாகச் சாப்பிடும் இருவருக்கு ஒன்றே காணும். ஆனால் அதை இரவுக்கு மிச்சம் வைக்காதீர்கள், வெக்கையில் பழுதாகிவிடும். விரதகாரர் "மஸ் மாளு எப்பா" என்று சொன்னால் இறைச்சி, மீன் போடமாட்டார்கள். அதோடு "உம்பலகட எப்பா" என்றும் சொல்லுங்கள். சிங்களக் கடைகளில் சம்பலுக்கும் மரக்கறிக்கும் மாசி சேர்ப்பது வழக்கம். விலை கேட்க "கீயத?" என்ற ஒரு சொல் போதும்.

தேநீர் கேட்டால் வடை, றோல்ஸ், பணிஸ் அடுக்கிய தட்டொன்றையும் மேசையில் வைப்பார்கள். பயப்பட வேண்டாம். சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. தொடாவிட்டால் எண்ணிக்கொண்டு எடுத்துப் போவார்கள்.

கிளிநொச்சியிலும் திருநெல்வேலியிலும் பெண்களே சமைத்து விற்கும் 'அம்மாச்சி' உணவகங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெற்கில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவகங்கள் அதே முறையில் நடப்பவை. கண்ட இடத்தில் தயங்காமல் உள்ளே போங்கள். அங்கேயும் அடுப்படியில் நிற்பவர்கள் எங்களைப் போன்ற பெண்கள்தான்.

வீட்டிலிருந்து கொஞ்சம் பொரியரிசிமாவும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போங்கள். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் ஒருபோதும் பட்டினியாக இருக்கக் கூடாது. வெறுவயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமென்றால், எடுத்தவுடன் சாப்பிட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

ஒரு கொப்பி போதும்

அன்றிரவு அந்த அக்கா படுத்தவுடன் உறங்கிவிட்டார். விடிய இலைக்கஞ்சி வாங்கிக் குடித்தோம். ஸ்கான் முடிந்து பிரியும்போது, எங்கள் விடுதியின் பெயர், வாடகை, பஸ் இலக்கம் எல்லாவற்றையும் தன் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் என்னைக் கொண்டு எழுதுவித்தார். இரண்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது. "தங்கச்சி, இந்தமுறை எங்கடை ஊர்ப் பிள்ளை ஒண்டையும் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். அதே லொட்ஜ்தான். நாள் எப்ப முடியுதெண்டு முதலே கேட்டுப்போட்டன்!"

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் இப்படி ஒரு கொப்பி வையுங்கள். கொழும்புக்குப் போய் வருபவர் ஒவ்வொருவரும் தங்கிய இடம், கொடுத்த காசு, அங்கிருந்தோர் நடந்துகொண்ட விதம், நல்ல சாப்பாட்டுக் கடை ஆகியவற்றைத் திகதியுடன் எழுதட்டும். அடுத்ததாகப் போகும் சகோதரி அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறட்டும்.