கிணற்றுத் தண்ணீர் ஓர் அமானிதம்



யாழ்ப்பாணத்துப் புத்தூருக்குப் போகிறவர்கள் நிலாவரைக் கிணற்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அள்ள அள்ள வற்றாத கிணறு என்று பெயர் பெற்றது. மேலே நல்ல தண்ணீர். ஆழத்தில் உப்புத் தண்ணீர். குடாநாட்டின் நிலைமையே இதுதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் தங்கி நிற்கிறது. அதைத்தான் எல்லோரும் கிணறு வெட்டி அள்ளுகிறார்கள். கிணறுகள் வேறு, அடித் தண்ணீர் ஒன்று. ஒருவர் தன் நிலத்தில் ஊற்றுவது அடுத்த வீட்டுக் குடத்தில் வந்து சேரலாம்.

புத்தூருக்கு மேற்கே சுண்ணாகத்தில் இதுதான் நடந்தது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குடிக்கத் தண்ணீரைப் பவுசரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டு, சுற்றுச்சூழல் அமைப்பொன்றின் தலைவரான ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அங்கே மின்நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்காக இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கண்காணிக்க வேண்டிய அதிகாரிகள் கடமை தவறியதையும் அது சுட்டிக்காட்டியது.

மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் அடிப்படை. இது நமக்குப் புதிதல்ல. இலாபத்தை அனுபவிப்பவனே நட்டத்தையும் சுமக்க வேண்டும் என்பது நமது பிக்ஹு விதி. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. தண்ணீரை எல்லோருக்கும் பொதுவான பொருட்களில் ஒன்றாக அவர்கள் ஆக்கி வைத்தார்கள்.

மின்சாரம் வேண்டும், தொழிலும் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் கிடைத்ததும் கிணறு தெளிந்துவிடுமா? ஆகவே வருமுன் காப்பதே மேல். உங்கள் வீட்டுக்காரர் கராஜோ ஆலையோ நடத்துகிறாரா? கழிவு எண்ணெய் எங்கே போகிறது என்று இன்றிரவே கேளுங்கள். "எல்லோரும்தானே ஊற்றுகிறார்கள்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த உழைப்பில்தான் நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

தண்ணீரின் நிறம், மணம், சுவை மூன்றையும் கவனிக்க ஒளுவின் பாடத்திலேயே படித்தவர்கள் நாம். வீட்டில் மாற்றத்தை முதலில் அறிபவள் தண்ணீர் அள்ளும் பெண்தான். வாடை தெரிந்தால் அந்தத் திகதியை எழுதி வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிலும் எழுத்தில் முறையிட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதற்கு அரசியல் யாப்பின் 126ஆம் உறுப்புரை தரும் தவணை ஒரு மாதம்தான். ஆகவே திகதி முக்கியம். அயலவர் எந்த மதத்தவரானாலும் சேர்ந்தே முறையிடுங்கள், தண்ணீர் பொதுவானதல்லவா?

நம்மில் பலர் இரவில் ஓதும் சூரத்துல் முல்க்கின் கடைசி ஆயத்து, தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போனால் அதை யார் கொண்டு தருவார் என்று கேட்கிறது. இனி ஓதும்போது, உங்கள் வீட்டுக் கிணற்றையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.