ஒரு பல் தள்ளிப் போட்டால்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பதினெட்டு வருடம் ஓடிய டீசல் பிக்கப் வண்டி. காய்கறி மூட்டை ஏற்றுவது தொழில். கிளட்ச் பிளேட் மாற்றி எடுத்துவந்த நாளிலிருந்து 55 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் காலடித் தகடு அதிர்கிறது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. ஒருவர் வீல் பேலன்ஸ் என்றார், செய்தாயிற்று. இன்னொருவர் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் என்றார், அதையும் மாற்றியாயிற்று. மூன்றாமவர், செல்போனை டேஷ்போர்டில் வைத்தாலே பழுதைச் சொல்லிவிடும் என்று ஒரு ஆப்பைக் காட்டியிருக்கிறார். போகிறபோக்கில் வாசகர் இன்னொன்றும் எழுதுகிறார்: மூட்டை ஏற்றினால் அதிர்வு குறைகிறதாம், காலி வண்டியில்தான் உயிரை வாங்குகிறதாம்.

அந்தக் கடைசி வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதற்கு வருகிறேன்.

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதை இறக்க, பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். சந்தேகம் இயல்பாகவே அங்கே போகிறது. ஆனால் சந்தேகத்தை நம்பிப் பொருள் வாங்கக் கூடாது. எண்ணிப் பார்க்க வேண்டும்.

70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழரைச் சுற்று சுற்றும். கிரவுன் பினியன் விகிதம் நான்கு என்று வைத்தால் ஷாஃப்ட் 30 சுற்று. அதன் முனையிலுள்ள கிராஸ் என்ற இணைப்பு தரும் அதிர்வு, ஏன் என்று பிறகு பார்ப்போம், அதற்கும் இரு மடங்கு: 60. நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 67 முறை வெடிக்கிறது. அறுபதையும் அறுபத்தேழையும் பாதத்தால் பிரித்தறிய முடியாது. மெக்கானிக்குகள் இன்ஜினுக்கும் ஷாஃப்டுக்கும் இடையே தடுமாறுவதில் வியப்பில்லை.

பிரிக்க ஒரு வழி இருக்கிறது. காலியான, நேரான சாலையில் அதே 60-ஐ நான்காவது கியரிலும் மூன்றாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜினின் எண்ணிக்கை மாறும். ஷாஃப்டின் எண்ணிக்கை மாறாது. அதிர்வு மாறாமல் இருந்தால் இன்ஜினையும் கிளட்சையும் விட்டுவிடலாம். பிறகு நியூட்ரலில் உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள், பிரேக்குக்கு வேண்டிய வேக்குவம் போய்விடும். அப்போதும் அதிர்ந்தால் குற்றவாளி கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான்.

அந்த ஆப் பற்றி ஒரு வார்த்தை. நொடிக்கு 100 முறை மட்டும் அளக்கும் ஆப், 50-க்கு மேற்பட்ட அதிர்வை உள்ளபடி பார்க்கவே முடியாது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல, 60-ஐ அது 40 என்று காட்டும். 40-க்கு இந்த வண்டியில் உரிமையாளரே கிடையாது. விளம்பரம் இதைச் சொல்வதில்லை. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்று சொல்லாத கருவியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இப்போது கிராஸுக்கு வருவோம். இரண்டு கவைகளைச் சேர்க்கும் கூட்டல் குறி வடிவ இரும்புத் துண்டு. சாய்ந்த இரண்டு தண்டுகளுக்கு இடையே சுழற்சியைக் கடத்துகிறது. ஆனால் ஒரே சீராகக் கடத்துவதில்லை. வளையலைச் சாய்த்துப் பிடித்து நேரே பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். சாய்ந்த கவையின் பாதையும் எதிர்க் கவைக்கு அப்படித்தான். ஆகவே முன் தண்டு சீராகச் சுற்றினாலும், அடுத்த தண்டு கால் சுற்றுக்கு முந்தும், கால் சுற்றுக்குப் பிந்தும். ஒரு சுற்றில் இதை இரண்டு தடவை செய்யும். இரு மடங்கு எண்ணிக்கை இங்கிருந்து வருகிறது. சாய்வு 10 டிகிரி என்றால், 1,000 ஆர்பிஎம் உள்ளே போனால் 985-க்கும் 1,015-க்கும் இடையே ஊசலாடி வெளியே வரும். அதிகபட்சம் முந்துவது அரை டிகிரிகூட இல்லை.

கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர், அண்ணாச்சி கடையில் ஒரே கணக்கு. அண்ணன் மாத முதல் வாரம் தாராளமாக வாங்குவார், அடுத்த வாரம் இறுக்குவார். தம்பி நேர்மாறு: அண்ணன் நீட்டும்போது மடக்குவார், மடக்கும்போது நீட்டுவார். அண்ணாச்சிக்கு வாரா வாரம் ஒரே தொகை. வீட்டுக்குள் நடப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஷாஃப்டின் முன் கிராஸ் அண்ணன், பின் கிராஸ் தம்பி, பின் அச்சு அண்ணாச்சி. நடுவிலிருக்கும் குழாய் தண்டு நல்ல வண்டியிலும் திக்கித் திக்கித்தான் சுற்றுகிறது. நமக்குத் தெரியாமல் ஒன்றை இன்னொன்று ஈடுகட்டிவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு வண்டியின் அடிப்பாகத்தில் வேறெதுவும் இல்லை.

ஈடுகட்ட இரண்டு நிபந்தனைகள். நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரு முனைச் சாய்வுகளும் சமமாக இருக்க வேண்டும். நடுத்தண்டு நீண்டு சுருங்க ஒரு பல் பொருத்தம் இருக்கிறதே, அதைப் பிரித்து மாட்டும்போது கை தவறினால் முதல் நிபந்தனை போய்விடும். 16 பல் என்றால் ஒரு பல் 22.5 டிகிரி. அந்த ஒரு பல் தள்ளிப் போனாலே, ஒரு கிராஸ் தரும் ஊசலாட்டத்தில் முக்கால் பங்கு ரத்தாகாமல் அச்சுக்குப் போய்ச் சேர்கிறது. 90 டிகிரி தள்ளிப் போனால் அண்ணனும் தம்பியும் ஒரே வாரத்தில் கை நீட்டுகிறார்கள்: 970-க்கும் 1,031-க்கும் இடையே. இதற்கு வட்டியும் உண்டு. வேகம் இரு மடங்கானால் உலுக்கல் நான்கு மடங்கு. 30-இல் தெரியாதது 60-இல் தாங்க முடியாமல் போவது இதனால்தான்.

வரலாறு வேண்டுவோருக்கு: பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டானோவின் பெயர் இந்தக் கிராஸ் இணைப்பில் ஒட்டிக்கொண்டது, ஊசலாட்டத்தை அலசியவர் ராபர்ட் ஹூக், 1670-களில். சூரியக் கடிகாரத்தின் நிழல் மணிக்கோடுகளைச் சீரற்றுக் கடப்பதும் இதே கணக்குத்தான் என்று கண்டவரும் அவரே. மோட்டார் வண்டிக்கு ஏற்ற வடிவில் இந்த இணைப்பை அமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். அவ்வளவு போதும்.

வாசகரின் கடைசி வரிக்கு வருவோம். காலி வண்டியில் கமான் பட்டை உயர்த்திப் பிடிப்பதால், கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்கு ஷாஃப்ட் கூடுதல் சரிவாக இறங்குகிறது, சாய்வு அதிகம். மூட்டை ஏறியதும் உடல் தாழ்ந்து சாய்வு குறைகிறது, ஊசலாட்டமும் குறைகிறது. பேலன்ஸ் எடை உதிர்ந்த ஷாஃப்டோ கோணலான வீலோ இப்படிப் பாரத்துக்குப் பணியாது. அதனால் என் தீர்ப்பு: பல் மாறிப் பொருந்தியிருக்கிறது. கியர் சோதனையும் அதையே சொன்னால் ஷாஃப்டைப் பிரித்து, இரு கவைகளும் ஒரே நேரில் நிற்கும்படி மாட்டச் சொல்லுங்கள். பல ஷாஃப்டுகளில் அம்புக்குறியே இருக்கும், கிரீஸையும் சேற்றையும் துடைத்தால் தெரியும். புதிய பாகம் எதுவும் வேண்டாம். கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் அப்போதே கையால் அசைத்துப் பாருங்கள்.

பட்டறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷாஃப்டில் கை வைக்கும் முன் பல் பொருத்தத்தின் இருபுறமும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். அரை நிமிட வேலை.