கழற்றி வைக்கப்படும் கவசம்

உளி, அரம், இரும்பறுக்கும் வாள் ஆகிய மூன்றையும் நம் கிராமங்களில் ஒருசேர ஓரங்கட்டிய கருவி ஒன்று உண்டென்றால், அது தொழிலாளர்கள் 'ஏஜி-4' என்றழைக்கும் கை கிரைண்டர்தான். நான்கு அங்குல வட்டைச் சுழற்றி அறுக்கவும் தேய்க்கவும் செய்யும் 'ஆங்கிள் கிரைண்டர்' என்பதன் சுருக்கமே இப்பெயர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்புலிவனத்திலும் அதையடுத்த உத்திரமேரூரிலும், கிரில் பட்டறை, டைல்ஸ் பதிப்பவரின் பை, தச்சரின் பெட்டி என எங்கும் இதைக் காண்கிறேன். காணாதது, வட்டின் ஒரு பாதியை மூடி நிற்க வேண்டிய இரும்புக் கவசத்தை.

வாங்கும்போது அது இயந்திரத்தோடு வருகிறது. முதல் வாரத்திலேயே கழற்றப்பட்டுவிடுகிறது. மூலைக்குள் நுழையவில்லை, கோடு தெரியவில்லை என்பவை சொல்லப்படும் காரணங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. கவசம் இருந்தால் பெரிய வட்டை மாட்ட முடியாது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இவ்வியந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. அப்போது 100 மி.மீ. வட்டின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. பிசினால் பிணைத்த வெட்டு வட்டுகளுக்குப் பொதுவான உச்ச வரம்பு நொடிக்கு 80 மீட்டர். ஏழு அங்குல வட்டில் அதிகபட்சம் சுமார் 8,500 சுற்று என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். அதைச் சிறிய இயந்திரத்தில் எப்படியோ பொருத்திவிட்டால் விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். வட்டு சிதறினால், தடுக்கக் கவசமும் இராது.

ஊராட்சி உறுப்பினருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். அதன் பக்கத்தில் வட்டின் மீதுள்ள நான்கு வரிகள் படிக்கப்படுவதே இல்லை! சுற்று வேகம் மட்டுமல்ல, நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் பல நிறுவனங்கள் காலாவதியாகும் மாதத்தையும் ஆண்டையும் பொறிக்கின்றன. பிசின் ஈரத்தில் வலுவிழக்கும் என்பதால் மழைக்காலத்தில் பட்டறைத் தரையில் கிடந்த வட்டைப் பயன்படுத்தாமலிருப்பதே மேல்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, தச்சர்கள் மாட்டும் பற்களுள்ள மரவெட்டு பிளேடை. மரத்தின் கணுவில் பல் சிக்கினால் இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்திருப்பவரை நோக்கித் துள்ளும். விரலோ தொடையோ கழுத்தோ எதிரில் இருப்பதே வெட்டுப்படும். அந்த பிளேடுக்கென வட்டரம்பம் எனத் தனி இயந்திரம் இருக்கிறது. விலைதான் கூடுதல்.

மாற்றும் முறை எளிதானது. சுவிட்சை அணைத்தால் போதாது; பிளக்கையே பிடுங்க வேண்டும். சுழற்சி முற்றிலும் நின்ற பிறகே பூட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். வட்டின் துளை உள்வாஷரின் மேட்டில் ஆடாமல் உட்கார வேண்டும்; துளை பெரிதாக இருந்தால் அந்த வட்டு அந்த இயந்திரத்துக்கு உரியதன்று. மெல்லிய வட்டென்றால் நட்டின் மேடான பக்கம் வெளிப்புறம் இருக்கட்டும். புது வட்டை மாட்டியதும், ஆளில்லாத திசையில் பிடித்து, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். குறையுள்ள வட்டு பெரும்பாலும் அந்த நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் வெட்டு வட்டின் பக்கவாட்டில் தேய்ப்பதை மட்டும் யாரும் செய்யக்கூடாது.

பராமரிப்பும் அப்படித்தான். காற்றுத் துளைகளில் இரும்புத்தூள் படிந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். இரட்டைக் காப்பு கொண்ட இயந்திரமும் அதிர்ச்சி தரும். உள்ளே பொறி அதிகமாகப் பறந்தால் 'கார்பன்' தேய்ந்துவிட்டது என்று பொருள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டேப் சுற்றிய வயருக்கு மாற்று, புது வயர் மட்டுமே.

தொழிலாளியின் அலட்சியம் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். சதுர அடிக் கணக்கில் கூலி தருகிற வேலையில், வட்டை மாற்றும் நிமிடங்களுக்குக் கூலி இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 35-ஆவது பிரிவில் கண் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால், மின்விசையால் இயங்கும் இடமாயின் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலைக்கான அந்த வரம்பை இருபதாக்கியது. மூன்று பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறை இரண்டிலும் அடங்காது. இயந்திரத்தை விற்கும் கடைக்காரர், கண்ணாடியும் சேர்த்துத்தான் தருவேன் என்று சொல்லலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் ஒன்றியந்தோறும் அரைநாள் பயிற்சியை, அன்றைய கூலியோடு நடத்தலாம். பெரிய செலவில்லை.

கண்ணில் துகள் பட்டவர் பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போவதில்லை. கைக்குட்டை முனையாலோ தீக்குச்சியாலோ சக தொழிலாளியே எடுத்துவிடுகிறார். கருவிழியில் தங்கிய இரும்பு ஒரே நாளில் துருப்பிடித்து வளையமாகப் படியத் தொடங்கும். எடுக்கும் குச்சியோ கிருமியையும் சேர்த்துக் கொடுக்கும். சுத்தமான நீரால் கழுவலாம், தேய்க்கக் கூடாது, அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கு ஏறத்தாழ 25 கி.மீ. போய்வர ஒருநாள் கூலி போகும். அதை யார் தருவது என்பதைப் பட்டறை உரிமையாளரும் தொழிலாளியும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.