பிள்ளை சொன்னால் செவிகொடுங்கள்

"உம்மா, நான் இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்."

ஒன்பது வயதுப் பிள்ளை இப்படிச் சொல்லி அழுதால் நம்மில் பலர் என்ன செய்வோம்? "சாட்டுச் சொல்லாதே" என்று அதட்டி அனுப்பிவிடுவோம். அந்த அழுகைக்குள் சொல்ல முடியாத ஒன்று ஒளிந்திருக்கலாம் என்று நினைப்பதற்கே நமக்குப் பயம்.

கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையான நம் கரையோர ஊர்களில் பிள்ளைகளைப் பிறர் பொறுப்பில் விடுவது புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தனர். ஓலைக் கொட்டில்களில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. உம்மா மத்திய கிழக்கிற்கு வீட்டு வேலைக்கும் வாப்பா கடலுக்கும் போக, மூத்தம்மாவின் மடியில் வளரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. அப்படி வளர்ப்போரில் பெரும்பாலோர் அன்பானவர்களே. ஆனால் பிள்ளையைக் கெடுப்பவன் பெரும்பாலும் அந்நியன் அல்ல, வீட்டுக்குப் பழகியவன் என்பதே உலகெங்கும் கண்ட உண்மை. ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

பிள்ளை வாய் திறந்தால் அமைதியாகக் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழையில்லை" என்று சொல்லுங்கள். ஆளுக்கொருவராகத் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதித் திகதியும் இடுங்கள். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிக்காதீர்கள். உதவி கேட்டுச் சிலரிடம் சொல்லத்தான் வேண்டும்.

உடலில் துன்புறுத்தல் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால், குளிக்க வார்க்காமல், உடையைக் கழுவாமல், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். சில நோய்களைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்திற்குள் தொடங்க வேண்டும். நாள் கடந்துவிட்டாலும் போகாமல் இருக்காதீர்கள்.

1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தில் தமிழிலும் முறையிடலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். முறையிடச் சந்தேகமே போதும். ஆதாரம் தேடுவது அவர்கள் வேலை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றில் சாட்சியமாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது.

மானம் என்ற பூட்டு

"ஊர் சிரிக்கும், குமர்ப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வராது" என்பார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கலாம் என்பார்கள். அவனுக்கே கட்டிக் கொடுத்துவிடலாம் என்று சொல்பவரும் உண்டு. இது பேசித் தீர்க்கும் குற்றமல்ல. மூடி மறைத்தால் அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போவான். குறையை மறைப்பது நன்மைதானே என்பவருக்கு, உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கச் சொல்லும் ஸூரத்துந் நிஸாவின் 135 ஆம் வசனத்தை நினைவூட்டுவோம்.

அதேவேளை, சந்தேகத்தை வைத்து ஊரெல்லாம் பெயரைப் பரப்புவதும் பிழை. அது பிள்ளையையும் காட்டிக்கொடுக்கும், விசாரணையையும் கெடுக்கும்.

அதன் பிறகு

பாயில் சிறுநீர் கழித்தல், திடுக்கிட்டு விழித்தல், காரணமற்ற கோபம் என்பன சில காலம் இருக்கலாம். அடிக்காதீர்கள். பாடசாலை, விளையாட்டு, உறக்கம் எல்லாம் வழமைபோல் நடக்கட்டும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரின் உதவியைக் கேளுங்கள்.

தாயையும் மறந்துவிடாதீர்கள். "நீ வெளிநாடு போனதால்தான்" என்ற ஒரு சொல் அவளை உடைத்துவிடும். குற்றம் செய்தவன் ஒருவன். பழி சுமப்பவள் அவளா? அயல் வீட்டுச் சகோதரிகளே, ஒருவேளைச் சோறு கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்கோ நீதிமன்றுக்கோ அவள் போகும் நாளில் கூடப் போங்கள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கதை கேட்காதீர்கள்.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். "உம்மா நம்புவா" என்ற உறுதி ஒன்றே அவர்களைப் பேச வைக்கும். அந்த உறுதியை இன்று இரவே, தூங்கும் முன் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.