டுபாய்த் தரிப்பில் ஒட்டகச் சவாரி: யார் ஏறலாம், யார் கிட்டவும் போகக்கூடாது

ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போகிற ரொறன்ரோக் குடும்பங்களுக்கு டுபாய் என்பது பெரும்பாலும் ஒரு விமானநிலையம் மட்டும்தான். ஏறத்தாழ 13 மணித்தியாலப் பறப்பு, கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிற பிள்ளைகள், பிறகு கொழும்புக்கோ சென்னைக்கோ அடுத்த விமானம். இப்போது கொஞ்சக் காலமாக இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. "போற வழியில ஒரு நாள் நிண்டு போவம், பிள்ளையள் ஒட்டகத்தில ஏறட்டும்." டோஹா வழியாகப் போகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் விளம்பரப் படத்தில் இருப்பதும் நீங்கள் காசு கட்டுவதும் ஒன்றில்லை. படத்தில் மாலைச் சூரியனுக்கு எதிரே வரிசையாக நடக்கிற ஒட்டகங்கள். நிஜத்தில் 'டெசேர்ட் சஃபாரி' என்று விற்கப்படுவது ஒரு அரைநாள் பொதி. பின்னேரம் ஹோட்டலுக்கு ஜீப் வரும். லஹ்பாப் பக்கத்துச் செம்மணல் மேடுகளிலோ வேறெங்கோ அந்த ஜீப்பை மேலும் கீழுமாகப் பறக்கவிடுவார்கள். பிறகு ஒரு முகாம். அங்கே மருதாணி, இறைச்சி வாட்டல், நடனம், அதற்கு நடுவில் ஒட்டகம். அந்த ஒட்டகம் முகாமைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து வந்து உங்களை இறக்கிவிடும். சில நிமிடம்தான். போனை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒட்டகம்தான் முக்கியம் என்றால் அதை மட்டும் தனியாகக் கேளுங்கள். காலையில், அரை மணி அல்லது ஒரு மணி நேரம், மணல்வெளியில் நடத்திக்கொண்டு போகிற சவாரிகள் இருக்கின்றன. ஜீப் பொதியை விட இது அமைதி. என்னைக் கேட்டால், ஏழு வயதுப் பிள்ளைக்கு ஞாபகத்தில் நிற்கப்போவதும் இதுதான்.

ஜீப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரயரில் காற்றைக் குறைத்துவிட்டு மணல்மேட்டில் ஏற்றி, சரிவில் வழுக்கவிடுவது அந்த ஓட்டம். கர்ப்பிணிகள், முதுகு நோ உள்ளவர்கள், இருதய வருத்தக்காரர், சின்னப் பிள்ளைகள் இதற்கு வேண்டாம். பல நிறுவனங்கள் தாங்களே மறுத்துவிடும். மறுக்காத நிறுவனத்தைப் பற்றித்தான் யோசிக்கவேணும். ரொறன்ரோவில் பூஸ்டர் சீற் இல்லாமல் பிள்ளையைக் காரில் ஏற்றமாட்டோம். அங்கே மட்டும் ஏன் விதிவிலக்கு? "மணல் ஓட்டம் வேண்டாம், நேராக முகாமுக்கு" என்று முதலிலேயே சொல்லி வேறு வாகனம் ஒழுங்குசெய்யலாம். அதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

இனி ஒட்டகம். விழுந்தால் பெரும்பாலும் ஏறுகிறபோதும் இறங்குகிறபோதும்தான் விழுவார்கள், நடக்கும்போது அல்ல. குதிரை மாதிரி ஒட்டகம் நின்றபடி உங்களை ஏற்றாது. படுத்திருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் முதலில் பின்னங்கால்களைத் தூக்கும், அப்போது நீங்கள் தலைகுப்புற முன்னால் போவீர்கள். அடுத்த நொடி முன்னங்கால்கள் எழும்பும், இப்போது பின்னால் சாய்வீர்கள். இறங்கும்போது முன்னங்கால்கள் முதலில் மடியும், மறுபடியும் முன்னால் ஒரு தூக்கிப்போடல். ஆக, எழும்புகிற முதல் நொடியிலும் படுக்கிற முதல் நொடியிலும் பின்னால் சாய்ந்து, கைபிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கவேணும். ஒரு கையில் போன் வேண்டாம். நின்ற பிறகு நீங்கள் இருப்பது ஆறடிக்கு மேல் உயரத்தில். எலும்பு தேய்ந்த ஒருவர் அங்கிருந்து விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது.

நடக்கத் தொடங்கினால் பக்கவாட்டில் ஆடும். இடது பக்கத்து இரண்டு கால்களும் ஒன்றாக, பிறகு வலது பக்கத்து இரண்டும் ஒன்றாக எடுத்து வைப்பதால் வருகிற ஆட்டம் அது. காரில் தலைசுற்றுகிற பிள்ளைக்கு இதிலும் சுற்றலாம். வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஏற்றாதீர்கள்.

ரிக்கெற் எடுக்கும்போது நாங்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் எடுக்கிறோம். கூட வருகிற அம்மம்மாவையும் அப்பப்பாவையும் அந்தக் கணக்கில் சேர்த்து, "அவையும் ஒருக்கா ஏறட்டும்" என்று விட்டுவிடுகிறோம். முழங்கால் நோவை மட்டும் யோசித்தால் போதாது. சீனி வருத்தத்தையும் யோசிக்கவேணும்.

சவூதி அரேபியாவில் 2012இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மேர்ஸ் என்ற வைரஸ் ஒற்றைத் திமில் ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது. ஒட்டகத்துக்கு மூக்கு ஒழுகுவதோடு போய்விடும், பார்த்தால் வருத்தம் என்றே தெரியாது. மனிதருக்கு அப்படியில்லை. இதுவரை உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்திருக்கிறார்கள். 2015இல் மத்திய கிழக்குக்குப் போய்த் திரும்பிய ஒரே ஒரு பயணியால் தென்கொரியாவில் 180க்கும் மேற்பட்டோருக்கு அது பரவியது.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒட்டகத்தில் ஒரு வட்டம் சுற்றிவிட்டு வருகிற சுகதேகிக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் ஒட்டகத்துக்குக் கிட்டவே போகவேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தப் பட்டியலின் முதல் சொல்லை மறுபடி வாசியுங்கள். எங்கட வீடுகளில் அறுபது கடந்தவர்களில் சீனி இல்லாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். பாலைவன முகாமில் ஒருவரும் வந்து "அம்மா, உங்களுக்கு சீனி இருக்கோ?" என்று கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டியது நீங்கள்தான், அதுவும் ரொறன்ரோவை விட்டு வெளிக்கிட முன்னம்.

மற்றவர்களுக்கு எளிமையான வழக்கம் போதும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். முகத்தோடு முகம் வைத்துச் செல்ஃபி வேண்டாம். காய்ச்சாத ஒட்டகப்பால் யார் அன்பாகத் தந்தாலும் வேண்டாம், கடையில் பாச்சராக்கம் செய்து போத்தலில் விற்பது பரவாயில்லை. வீடு திரும்பி 14 நாட்களுக்குள் யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல் வந்தால் வைத்தியரிடம் "வளைகுடாவில் நின்றோம், ஒட்டகத்தைத் தொட்டோம்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் அம்மம்மாவை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போவதா? வேண்டாம். டுபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி 2003இல் உருவாக்கப்பட்டது, 225 சதுர கிலோமீற்றர் பரப்பு. அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டும்தான் உள்ளே கூட்டிப்போகலாம். அங்கே அரேபிய ஓறிக்ஸ் என்ற வெள்ளை மான் வகை நடமாடுகிறது. 1970களின் தொடக்கத்தில் காட்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்து, வளர்ப்பு விலங்குகளிலிருந்து மீட்டெடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடப்பட்ட இனம் அது. வாகனத்தில் இருந்தபடியே பார்க்கலாம். முழங்காலுக்கும் வேலையில்லை, சீனிக்கும் பயமில்லை. குளிர்காலத்தில் போனால் அல் மர்மூம் ஓட்டப்பந்தயத் திடலில் காலையில் ஒட்டக ஓட்டம் பார்க்கலாம், அதுவும் தூர இருந்து.

அந்த ஓட்டத்தைப் பார்க்கிற வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லவேணும். ஒட்டகத்தின் முதுகில் இப்போது ஓடுவது சின்ன ரோபோ. பக்கத்துப் பாதையில் காரில் போகிற சொந்தக்காரர் அதை ரிமோட்டால் இயக்குவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்தவர்கள் சிறுவர்கள். பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான் போன்ற நாடுகளிலிருந்து நாலு, ஐந்து வயதிலேயே கொண்டுவரப்பட்டவர்கள். பாரம் கூடக்கூடாது என்று சாப்பாட்டைக் குறைத்துக் கொடுத்தார்கள். 2005இல் ஐக்கிய அரபு அமீரகம் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஓட்டகர்களாக வைப்பதைத் தடைசெய்தது. யுனிசெஃப் உதவியோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தங்கள் நாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்றைக்கு அவர்களுக்கு உங்களில் பலரின் வயதுதான் இருக்கும்.

உங்கள் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நடக்கிறவரும் அநேகமாக வெளிநாட்டுத் தொழிலாளிதான். பெயரைக் கேளுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள். ஒட்டகத்தையும் பாருங்கள். நெஞ்சிலும் முழங்காலிலும் தடித்துக் காய்த்திருப்பது இயற்கை, அதன் மேல்தான் படுக்கும். சேணத்துக்குக் கீழே புண், மூக்கில் இரத்தம், நிழலும் தண்ணியும் இல்லாத இடம் என்றால் ஏறாமல் திரும்பிவிடுங்கள். பிள்ளை அழும், பத்து நிமிடத்தில் நிற்பாட்டிவிடும்.

பெரிய சிக்கல் பள்ளிக்கூட விடுமுறைதான். பாலைவனத்துக்கு நல்ல காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. எங்களுக்கு லீவு கிடைப்பதோ ஜூலை, ஆகஸ்ட். நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். அந்த மாதங்களில் டுபாய் பகலில் 40 பாகையைத் தாண்டும், மணல் செருப்பையும் மீறிச் சுடும். கோடையில்தான் போகமுடியும் என்றால் விடியற்காலைச் சவாரி மட்டும் எடுங்கள். அதுவும் விமானத்தால் இறங்கிய அன்றைக்கு வேண்டாம், ஒரு இரவு தூங்கிய பிறகு. முடியாவிட்டால் விட்டுவிட்டு, கிறிஸ்மஸ் விடுமுறையிலோ மார்ச் பிரேக்கிலோ வருகிற பயணத்துக்கு ஒத்திப்போடுங்கள். ஒட்டகம் ஓடிப்போகாது.

கடதாசி வேலைகள். கனடியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. அம்மம்மா இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில் இருந்தால் தேவை, கடைசி நேரத்தில் இதில்தான் பயணம் குழம்பும். ஓஹிப் வெளிநாட்டில் கொடுப்பது மிகச் சொற்பம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர், வெளிநோயாளிக்கு 50. பயணக் காப்புறுதி எடுக்கும்போது மிருகச் சவாரிக்கும் மணல் ஓட்டத்துக்கும் விலக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று: ஒன்றாரியோவில் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய ரைலனோல் நம்பர் 1 குளிசையில் கோடீன் இருக்கிறது. அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பையில் போடவேண்டாம்.

போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை ஸ்காபரோவில் இருக்கிற ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் இரண்டு திமில் ஒட்டகத்தைக் காட்டுங்கள். அப்போது ஒரு இரகசியத்தையும் சொல்லுங்கள்: ஒட்டகம் அரபு நாட்டுக்காரன் இல்லை, எங்கட கண்டத்துக்காரன். ஒட்டகக் குடும்பம் தோன்றியது 4 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில். நுனாவுட்டின் எல்ஸ்மியர் தீவில், வடதுருவத்துக்குக் கிட்ட, ஒரு ஒட்டகத்தின் கால் எலும்பு ஏறத்தாழ 30 துண்டுகளாகக் கிடைத்தது. கனடிய இயற்கை அருங்காட்சியகத்தின் நத்தாலியா ரிப்சின்ஸ்கி குழுவினர் அதை 2013இல் அறிவித்தார்கள். 35 இலட்சம் ஆண்டு பழையது, இன்றைய ஒட்டகத்தைவிட மூன்றில் ஒரு பங்களவு பெரியது. திமிலில் இருப்பது தண்ணியில்லை, கொழுப்பு. அது ஆறு மாத இருட்டுக் குளிரைத் தாண்டவும், அகன்ற பாதம் பனியில் புதையாமல் நடக்கவும் உதவியிருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். ஸ்னோ பூட்ஸ் போட்ட பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

அதே கனடாவில் 1862இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரிபூ தங்கவயல்களுக்குச் சாமான் சுமக்க 23 ஒட்டகங்களைக் கொண்டுவந்தார்கள். மணலில் நடக்கிற மெத்தைப் பாதம் கல்லுப்பாதையில் கிழிந்தது. அதன் வாடைக்குக் கோவேறு கழுதைகள் மிரண்டு ஓடின. திட்டம் படுத்துவிட்டது.

"தமிழுக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பிள்ளை கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. பெண் ஒட்டகத்தைப் பெட்டை என்று அழைக்கலாம் எனத் தொல்காப்பியத்தின் மரபியல் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் கடற்கரையில் ஒதுங்கிய அகில் மரம் தூங்குகிற ஒட்டகம் மாதிரி இருக்கிறது. அந்தப் புலவர் எங்கேயோ ஒரு ஒட்டகம் படுத்துத் தூங்குவதை நின்று பார்த்திருக்கவேணும்.

டுபாயில் எல்லாம் சரிவராமல் போனாலும், யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இன்னொரு மணல்வெளி இருக்கிறது. வடமராட்சி கிழக்கில், பருத்தித்துறையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் மணற்காடு. பெயரே போதும். கடலோரமாக மணல்மேடுகள், நடுவில் மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவில். ஒட்டகம் இல்லை, ரிக்கெற்றும் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், தண்ணிப் போத்தல் எடுத்துப் போங்கள். அங்கே அம்மம்மாவும் தாராளமாக வரலாம்.