தறிக்கு உள்ள கணக்கு காவலுக்கு உண்டா?

காஞ்சி மாநகரத்துக்கு மேற்கே, வாலாஜாபேட்டையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரியதோர் ஏரியுடன் அமைந்திருக்கும் தாமல் என்னும் ஊர், பழந்தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தன் பெயரை அளித்த பெருமையுடையது. சோழர் காலத்துச் சாசனங்களைப் படிப்போர், நிலத்துக்கும் நீருக்கும் விதிக்கப்பட்ட கடமைகளோடு, ஊரைக் காப்பதற்கென்று குடிகள் செலுத்திய பாடிகாவல் என்னும் வரியும் அவற்றில் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். காவல் அன்று கணக்கில் ஏறிய தொழில். இன்றோ அந்தத் தொழில் இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாகி இருந்தும், அதில் இருப்போர் எத்தனை பேர், அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் என்ன, ஒருவர் அதில் எத்தனை காலம் நிலைக்கிறார் என்ற எளிய வினாக்களுக்கு ஒரே இடத்தில் விடை கிடைப்பது அரிதாயிருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டில் கார்களைச் செய்து வெளியிடத் தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அடுத்தடுத்து எழும்பிய ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் மதிலும் வாயிலும் இருக்கின்றன. வாயில் இருந்தால் அங்கே மூன்று ஷிப்டிலும், அல்லது நம் வழக்கப்படி இரண்டு ஷிப்டிலும், நிற்க ஆள் வேண்டும். பட்டுத் தறியில் பிழைப்பு நடத்த இயலாமற்போன காஞ்சிபுரத்து நெசவாளர் சிலர் ‘செக்யூரிட்டி’ உத்தியோகத்தை நாடிச் செல்வது பத்திரிகைகளில் பல ஆண்டுகளாக வரும் செய்தி. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நெசவாளரை நம் அரசாங்கம் நான்கு தடவை எண்ணியிருக்கிறது. 1995-96-இல் எடுத்த கைத்தறிக் கணக்கில் தொழிலாளர் ஏறத்தாழ 65 லட்சம். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் 35 லட்சம். தறியை விட்டுப் போனவர் எத்தனை பேர் என்பதை இந்த எண்களைக் கழித்து ஒருவாறு ஊகிக்கலாம்; போனவர் எங்கே போனார் என்று எந்தக் கழித்தலும் சொல்லாது. தறியின் முன் உட்கார்ந்திருந்தவரை அடையாள அட்டை கொடுத்து எண்ணிய இராஜ்யம், அவரே நீலச் சட்டை அணிந்து ஆலை வாசலில் நிற்கத் தொடங்கியதும் அவரை மறந்துவிடுகிறது.

தொழிற்சந்தைத் தகவல் என்று நிபுணர்கள் சொல்வது இதைத்தான்: எந்த வேலைக்கு எங்கே ஆள் தேவை, வருவோர் யார், என்ன கூலி, என்ன பயிற்சி, ஏன் விலகுகிறார்கள் என்னும் செய்திகளைக் கிரமமாகத் திரட்டுவது. இந்தியாவில் தனியார் காவலர் எண்பது, தொண்ணூறு லட்சம் இருப்பர் என்று தொழிலமைப்புகள் சொல்லி வருகின்றன. நாட்டின் போலீஸ் படைகள் அனைத்தையும் சேர்த்தாலும் அந்தத் தொகையைவிட மிகக் குறைவே. ஆனால் அமைப்புகள் சொல்லும் அந்தத் தொகை மதிப்பீடேயன்றி எண்ணிக்கையன்று. இத்தனை பெரிய சேனையை ஊகத்தால் அளந்து திருப்தி அடைவது, என் அபிப்பிராயத்தில், நிர்வாகத்துக்கு அழகல்ல.

காவலரை எண்ணாமல் விடும் இந்த மறதிக்குச் சட்டத்திலேயே ஒரு பூர்வீகம் உண்டு. காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இல் ஒரு சட்டம் இயற்றி, அதன் கீழ் முதலாளிகள் காலாண்டுதோறும் ஆள் கணக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதித்தார்கள். வேலைச் சந்தையைப் பற்றிய செய்தி பல்லாண்டுகள் இந்தப் படிவங்களின் வழியாகவே பெரும்பாலும் சேகரிக்கப்பட்டது. ஆயினும் ‘திறன் வேண்டாத அலுவலக வேலை’ என்று ஒரு வகையை அந்தச் சட்டம் விலக்கி வைத்தது; அந்த வகையின் பட்டியலில் பியூனுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பக்கத்தில் வாட்ச்மேனும் இருந்தார். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது. தொழில்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலிலும் 1988-ஆம் ஆண்டில் காவலாளி கடைநிலைத் தொழில்களுள் வைக்கப்பட்டிருந்தார். 2008-இல் திருத்தியபோதுதான் போலீசாரும் தீயணைப்போரும் உள்ள பாதுகாப்புச் சேவைப் பிரிவுக்கு உயர்த்தப்பட்டார். நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியல் அதையே பின்பற்றுகிறது.

பதிவேடுகளே இல்லை என்று சொல்ல முடியாது என்பதுதான் இதில் வருந்தத்தக்க விஷயம். தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு ஏஜென்சியும் தன் காவலர்களின் பெயர், விலாசம், புகைப்படம், சம்பளம் ஆகியவற்றையும், அவர்களை யாருக்கு அனுப்பிற்று என்பதையும் பதிவேட்டில் எழுதி வைக்கக் கட்டளையிடுகிறது. சம்பளத்தையும் எழுதச் சொன்ன சட்டம்! அதன் மாதிரி விதிகள் வகுப்பறையில் 100 மணியும் களத்தில் 60 மணியும் பயிற்சி தரச் சொல்கின்றன. 15 காவலருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்கின்றன. லைசென்ஸ் வழங்கும் அதிகாரி ஒருவர் மாநிலத்துக்கு மாநிலம் இருக்கிறார். இந்தப் பதிவேடுகளை ஆண்டுக்கொரு முறை ஒரே மேசையில் கொண்டுவந்து கூட்டிப் பார்த்தால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் காவலர் சம்பளத்தின் நிலவரம் ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும். ஆனால் அவை பரிசோதனைக்கு அஞ்சி எழுதப்படுபவையே ஒழிய, படிக்கப்படுவதற்கென்று எழுதப்படுபவை அல்ல.

மற்றக் கணக்குகளிலும் காவலர் இருக்கிறார், தனியாக இல்லை. வருங்கால வைப்பு நிதி அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் சம்பளப் பட்டியல் விவரத்தில், ஆள் அனுப்புவோர், சாதாரண கான்ட்ராக்டர்கள், பாதுகாப்புச் சேவை எல்லாம் ‘நிபுணத்துவச் சேவைகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடக்கின்றன. இரவெல்லாம் வாசலில் விழித்திருப்பவரை நிபுணர் என்று அழைத்தது மரியாதைதான். அவர் எத்தனை பேர் என்பது மட்டும் அதில் தெரியாது. மேலும் ஒரே கேட்டில் பத்தாண்டாக நிற்பவர், ஆலை தன் ஏஜென்சியை மாற்றும்போதெல்லாம் ஓரிடத்திலிருந்து விலகி மற்றோரிடத்தில் சேர்ந்தவராகவே கணக்கில் தோன்றுவார். ஆலைகளின் வருடாந்தரக் கணக்கெடுப்போ, காவற்பணியாளரைத் தொழிலாளர் எண்ணிக்கையில் சேர்க்காமல் மொத்தப் பணியாளரில் சேர்த்துவிடுகிறது. 2017 முதல் நடைபெறும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் காவலரும் போலீசாரும் தீயணைப்போரும் ஒரே எண்ணின் கீழ் வருகிறார்கள். எந்தத் தொழிற்றுறை என்ற இன்னோர் எண்ணையும் இணைத்துப் பார்த்தால்தான் தனியார் காவலர் பிரிந்து தெரிவார்.

அப்படியானால் தாமலில் இத்தகவலை எப்படித் திரட்டுவது? ஆலை நிர்வாகியைக் கேட்டால் ஏஜென்சியைக் கை காட்டுவார். ஏஜென்சியைக் கேட்டால் சட்டப்படி இருக்க வேண்டிய விடை வரும். உண்மை தெரிய வேண்டுமானால் காவலரையே கேட்க வேண்டும். அவரைப் பிடிப்பது சுலபமல்ல. பாய்ண்டில், அதாவது தமக்குக் குறித்த காவலிடத்தில், நிற்கும்போது அவர் பேசக் கூடாது. பகலில் வீட்டுக்குப் போனால் இரவு டூட்டி முடிந்து உறங்குவார். டூட்டி மாறும் காலையிலும் மாலையிலும் நெடுஞ்சாலைப் பஸ் நிறுத்தத்தில் நிற்பதே சரியான உபாயம். அப்போதும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் ஏமாந்து போவோம். எட்டு மணிக்கா, பன்னிரண்டு மணிக்கா அந்தத் தொகை? மாற்றாளான ரிலீவர் வராத நாளில் டபுள் டூட்டி பார்த்தால் கூடுதல் கூலி உண்டா? யூனிபாரத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் செலுத்தப்படுகிறதா? பயிற்சி என்று எத்தனை நாள் உட்கார வைத்தார்கள்? இந்த வினாக்களின் விடையில்லாத சம்பளக் கணக்கு வெறும் எண்.

மகாராஷ்டிர மாநிலம் 1981-லேயே காவலர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, பம்பாயிலும் தாணாவிலும் வாரியம் அமைத்துக் காவலரையும் அவரை வைத்துக்கொள்வோரையும் பதிவு செய்யத் தொடங்கிற்று. அங்கே எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று நான் வாதிக்க வரவில்லை. யார் எங்கே நிற்கிறார் என்று எழுதி வைக்கும் ஒரு பொது ஸ்தாபனம் இருக்கிறது என்பதே போதும். தமிழ்நாட்டில் முன்னாள் இராணுவத்தினரைக் காவற்பணிக்கு அனுப்பும் டெக்ஸ்கோ கழகம் 1986 முதல் இருக்கிறது. அது அவர்களுக்கு மட்டுமே உரியது. தறியிலிருந்து வந்தவருக்கு அப்படி ஒன்றில்லை.

வாரியம் வரும்போது வரட்டும். அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசாங்கக் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது, ‘எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்’ என்று கௌரவத்துக்காகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லால் அவர் மோட்டார்த் தொழிலாளியாகப் பதிவாகிவிடக்கூடும். என்ன வேலை, எந்த ஏஜென்சி, எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா, வாரத்தில் எத்தனை மணி என்று விவரமாகச் சொல்லுங்கள்.