வரவு செலவு செயலி: சந்தா கட்டினால் கட்டுப்படியாகுமா?

"அப்பா, மாசம் நூறு ரூபாய்தான். வரவு செலவையெல்லாம் போனே பார்த்துக்கும்" என்று வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சொல்வது இப்போது பல விவசாய வீடுகளில் கேட்கிறது. அப்பா உடனே நெல் கணக்குக்குப் போய்விடுவார். மாதம் நூறு என்றால் ஆண்டுக்கு 1,200 ரூபாய். 2025-26 பருவத்தில் அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 1,018 ரூபாய். ஆக, ஒரு மூட்டை நெல்லைப் போட்டாலும் சந்தாவுக்குப் பற்றாது. அந்த மூட்டைக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று அவர் கேட்பதில் தவறில்லை.

இந்தச் செயலிகளில் பல, வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படித்தோ, நாம் அனுமதி கொடுத்த வங்கிக் கணக்கிலிருந்து விவரம் வாங்கியோ செலவுகளை வகை பிரிக்கின்றன. மளிகைக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் வண்ணப்படம் காட்டும். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கி, எல்லாவற்றுக்கும் யு.பி.ஐ.யில் பணம் அனுப்புகிறவருக்கு இது சரியாகப் பொருந்தும்.

விவசாயியின் பணம் அப்படி ஓடுவதில்லை. வரவு அறுவடைக்கு அறுவடை. செலவில் பெரும்பகுதி ரொக்கம். நடவுக்காக ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுத்தால், 'பணம் எடுக்கப்பட்டது' என்பதோடு செயலியின் அறிவு முடிந்துவிடும். அதில் நடவுக் கூலி எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, வீட்டு மளிகைக்கு எவ்வளவு போனது என்பது எடுத்தவருக்குத்தான் தெரியும். உரக்கடையில் கடனுக்கு வாங்கிய மூட்டைகளோ, பாக்கியை அடைக்கும் நாள் வரை வங்கிக் கணக்கில் எட்டிக்கூடப் பார்க்காது. இதையெல்லாம் கையால்தான் பதிய வேண்டும். கையால் பதிவதென்றால் 60 ரூபாய் நோட்டுப் புத்தகம் போதுமே என்ற கேள்வி வந்துவிடுகிறது.

கணக்கே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர் சம்பா நெல்லை எடுத்துக்கொள்வோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். வாசகர்கள் தங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளலாம். மகசூல் 20 குவிண்டால் என்றால் வரவு 50,900 ரூபாய். உழவு, விதை, உரம், கூலி, அறுவடை இயந்திரம் எல்லாம் சேர்த்துக் கைச்செலவு 30,000. குத்தகை 12,000. அந்த 30,000-ஐ நகையை வைத்துப் புரட்டியிருந்தால், 9 சதவிகித வட்டியில் ஆறு மாதத்துக்கு 1,350. மீதி 7,550 ரூபாய். 'பரவாயில்லை, நஷ்டமில்லை' என்று தோன்றும்.

ஆனால் கணவன், மனைவி இருவரும் தலா 20 நாள் அந்த வயலில் இறங்கியிருக்கிறார்கள். 40 ஆள் நாளுக்கு 7,550 என்றால், ஒரு நாளைக்கு 189 ரூபாய்கூட முழுதாக விழவில்லை. அதே நாட்களில் 400 ரூபாய் கூலிக்குப் போயிருந்தால் 16,000 கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டும் அந்தக் குத்தகையைத் தொடர்வதா, குத்தகைத் தொகையைக் குறைத்துக் கேட்பதா, விட்டுவிட்டுச் சொந்த நிலத்தோடு நிற்பதா என்று குடும்பம் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமே குடும்ப உழைப்புக்கு மதிப்புப் போட்டுத்தான் சாகுபடிச் செலவைச் சொல்கிறது. எந்த வங்கி எஸ்.எம்.எஸ்.ஸிலும் இந்த 40 நாள் வராது. நாளும் ஆளும் எழுதிவைத்த நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

பயிர்க்கடன் கெடு தேதியும் இப்படித்தான். வட்டி மானியத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவிகிதம். கெடுவுக்குள் கட்டியவருக்கு 3 சதவிகிதம் குறைந்து 4 சதவிகிதமாகும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கக் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஒரு லட்சம் கடனில் அந்த 3 சதவிகிதத்தைத் தவறவிட்டால், ஆண்டுக்கு 3,000 ரூபாய் நஷ்டம். இரண்டரை ஆண்டுச் சந்தா! இதை நினைவூட்டச் சந்தா கட்டத் தேவையில்லை. செல்போனிலேயே இருக்கும் நாட்காட்டியில் பதினைந்து நாள் முன்னதாக ஒரு அலாரம் வைத்தால் போதும்.

அப்படியானால் யாருக்கு உதவும்? பத்துப் பதினைந்து மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றுபவர், நாற்றங்கால் நடத்துபவர், செக்கு எண்ணெயையோ காய்கறியையோ நேரடியாக விற்பவர் ஆகியோருக்கு உதவும். தினமும் முப்பது நாற்பது வரவு, அதில் பாதி யு.பி.ஐ.யில், யார் பாக்கி என்று தேடவே ஒரு மணி நேரம் என்றால் 1,200 ரூபாய் கொடுக்கலாம். மறந்துபோன இரண்டு பாக்கியை வசூலித்தாலே சந்தா திரும்பிவிடும். அவர்களும் வாடிக்கையாளர் பாக்கி எழுதும் வசதி உள்ளதைத்தான் தேட வேண்டும். வெறும் வண்ணப்படம் காட்டுவது பயன்படாது.

அமெரிக்காவில் பட்ஜெட் போட 'ஒய்நாப்' என்ற செயலிக்கு ஆண்டுக்கு 109 டாலர், நம் பணத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல், கட்டுகிறார்கள். கையில் வந்த பணத்தை வந்த அன்றே இது இன்னதுக்கு என்று பிரித்து வைப்பதுதான் அதன் அடிப்படை. நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் தனித்தனியாகப் பணம் வைத்ததும் அதேதான். அங்கே 'மின்ட்' என்ற இலவசச் செயலியும் இருந்தது. பல ஆண்டுகள் ஓடி, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. 'மைக்ரோசாஃப்ட் மணி' மென்பொருளின் விற்பனை 2009-லேயே நிறுத்தப்பட்டது. செயலி நின்றால் ஐந்து வருடக் கணக்கு என்னவாகும் என்பதைச் சந்தா கட்டும் முன்பே கேட்க வேண்டும். கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியாத செயலியை வாங்க வேண்டாம்.

வாங்குவது என்று முடிவானால், முதலில் ஒரு பருவம் நோட்டில் எழுதிப் பாருங்கள். உழவு தொடங்கி நெல் பணம் கைக்கு வரும்வரை விடாமல் எழுத முடிந்தவரே செயலியிலும் எழுதுவார். பத்தாம் நாளில் நோட்டு பரணுக்குப் போய்விட்டால், செயலிக்கும் அதே கதிதான்.

பிறகு, 'ஒரு மாதம் இலவசம்' என்று சேரும்போதே பெரும்பாலும் ஆட்டோபேவுக்கும் அனுமதி வாங்கிவிடுகிறார்கள். போனிலிருந்து செயலியை நீக்கினால் அந்த அனுமதி ரத்தாகாது. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலிக்குள் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய், அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்.